இருவர் மட்டும் சஃபாரி: அவருக்குப் படம் வேண்டும், எனக்கு நடக்க வேண்டும். எங்கே போவது?

மழைக்குமுன் எழுதியது:

வணக்கம். நானும் என் கணவரும் முதன்முறையாக ஆப்பிரிக்கக் காடுகளைப் பார்க்கப் போகிறோம். கையில் ஒன்றரை வார விடுமுறை. பயண முகவர் ஒருவர் அனுப்பிய திட்டத்தைப் பார்த்ததும் தலை சுற்றுகிறது. கென்யாவில் அம்போசெலி, நைவாஷா, மசாய் மாரா, பிறகு எல்லை தாண்டித் தான்சானியாவில் செரெங்கெட்டி, இங்கோரோங்கோரோ, தரங்கிரே. ஏறக்குறைய ஒவ்வோர் இரவும் வேறு வேறு கட்டிலில் தூக்கம்.

எங்கள் இருவர் ரசனையும் ஒத்துப்போகாது. அவருக்குக் கேமராதான் எல்லாம். சிங்கம், சிறுத்தை, காண்டாமிருகம் என்று பட்டியலே போட்டு வைத்திருக்கிறார். எனக்குப் பறவைகள் பிடிக்கும், மரங்கள் பிடிக்கும், எல்லாவற்றுக்கும் மேலாக நடக்கப் பிடிக்கும். மூன்று மணி நேரத்துக்கு மேல் ஒரே வண்டியில் குலுங்கினால் என் முதுகோடு குணமும் சேர்ந்து கெட்டுவிடும்.

பிரிந்து போகாமல், ஒருவர் முகத்தை ஒருவர் முறைக்காமல், இருவருக்கும் பிடித்ததைப் பார்க்க வழி உண்டா? செப்டம்பரில் போகலாம் என்பது எண்ணம்.

கூகைமரம் எழுதியது:

அந்தத் திட்டத்தை முதலில் மூடி வையுங்கள். அது நெடுஞ்சாலைச் சுற்றுலா. அம்போசெலியிலிருந்து மாராவுக்குப் போக ஒரு பகல் கழிந்துவிடும். மாராவும் செரெங்கெட்டியும் வரைபடத்தில் ஒட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம். விலங்குகள் கடக்கும் எல்லையைச் சுற்றுலாப் பயணிகள் அங்கேயே கடக்க முடியாது. மேற்கே இசெபானியா சோதனைச்சாவடி வழியாகச் சுற்றிப் போக வேண்டும். அங்கே இன்னொரு பகல் போய்விடும்.

இதில் இழப்பது பகல் மட்டும் என்றால்கூடப் பரவாயில்லை. விடியலும் மாலையும் போய்விடுகின்றன என்பதுதான் என் வருத்தம். சிங்கம் ஒரு நாளில் 20 மணி நேரம் வரை சும்மா படுத்துக் கிடக்கும். அது எழுந்து நடக்கும் நேரத்தில் நீங்கள் விடுதி வாசலில் பெட்டியை ஏற்றிக்கொண்டிருப்பீர்கள். நீங்கள் அடுத்த காட்டை அடையும்போது அது நிழல் தேடிப் படுத்திருக்கும்.

ஒரே இடத்தில் நான்கைந்து இரவு தங்கினால் கதையே மாறிவிடும். சிறுத்தை தன் இரையை எந்த மரத்தில் ஏற்றி வைத்திருக்கிறது என்று முதல் நாள் மாலை உங்கள் வழிகாட்டி பார்த்து வைத்திருப்பார். மறுநாள் இருள் பிரியும் முன்பே நேராக அந்த மரத்தடிக்குப் போகலாம். ஓரிரவு மட்டும் தங்குபவருக்கு அந்த மறுநாள் கிடைப்பதில்லை.

தான்சானியாவை மட்டும் எடுத்துக்கொண்டால் தரங்கிரேயும் செரெங்கெட்டியும் போதும், நடுவே ஒரு நாள் இங்கோரோங்கோரோ. பாவோபாப் பெருமரங்களின் பொந்துகளையும் யானைக் கூட்டங்களையும் வறண்ட மாதங்களில் பார்க்கத் தரங்கிரேதான் இடம். இங்கோரோங்கோரோ எரிமலை உள்வாங்கி உண்டான கிண்ணம். சுவர் ஏறக்குறைய 600 மீட்டர் உயரம், அடித்தளம் 260 சதுர கிலோமீட்டர். கருப்புக் காண்டாமிருகத்தைப் பார்க்கும் வாய்ப்பு அங்கே நன்றாகவே உண்டு. ஒட்டகச்சிவிங்கி மட்டும் அந்தத் தளத்தில் இல்லை. விளிம்பு 2,300 மீட்டர் உயரத்தில் இருப்பதால் விடியலில் பல் கிட்டும் குளிர். கம்பளி ஆடை கட்டாயம்.

தூசிப்பாதை எழுதியது:

செப்டம்பர் என்றால் மாரா ஆறு. வேறு பேச்சு எதற்கு? புல் தேடி இடம்பெயரும் மந்தைகள் அதைக் கடக்கும் காலம். பத்து லட்சத்துக்கு மேற்பட்ட வில்டபீஸ்ட் மான்கள், கூடவே வரிக்குதிரைகள், அடியில் முதலைகள். முதன்முறை போகிறவர் இதை விட்டுவிட்டு மரப் பொந்தைப் பார்க்கப் போவாரா?

வெண்கொக்கு எழுதியது:

தூசிப்பாதை, காட்சி பெரியது என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அந்தக் கரையில் நின்று பாருங்கள். மந்தை ஆற்றோரம் வந்து தயங்கும். இறங்கலாமா வேண்டாமா என்று முன்னால் நிற்பவை மணிக்கணக்கில் யோசிக்கும். அதுவரை மேட்டில் காத்திருக்கும் வண்டிகள், முதல் விலங்கு தண்ணீரில் கால் வைத்ததும் பாய்ந்து கரையை அடைத்துக்கொள்ளும். கடந்து வந்த விலங்குகள் ஏறுவதற்கு வழியில்லாமல் திரும்புவதைப் பார்த்திருக்கிறேன். எஞ்சின் சத்தம், டீசல் புகை, ஓட்டுநரிடம் ‘இன்னும் முன்னே போ’ என்று கத்தும் பயணிகள். வண்டி நடத்தும் விதிகள் இருக்கின்றன, அந்த நிமிடத்தில் அவற்றை யாரும் நினைப்பதில்லை.

மாராதான் வேண்டும் என்றால் தேசியக் காப்பகத்துக்கு வெளியே, அதை ஒட்டியிருக்கும் சமூகக் காப்பகங்களில் தங்குங்கள். மாரா நார்த், நபோய்ஷோ, ஓலாரே மொடொரோகி போன்றவை. மசாய் குடும்பங்களின் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து நடத்துகிறார்கள். எத்தனை கூடாரம், எத்தனை வண்டி என்பதற்கு வரம்பு உண்டு. தேசியக் காப்பகத்தில் இல்லாத இரண்டு விஷயங்கள் அங்கே கிடைக்கும்: இரவுச் சவாரியும் வழிகாட்டியோடு நடையும். ஆற்றைப் பார்க்க ஒரு நாள் உள்ளே போய் வரலாம்.

செரெங்கெட்டியின் வடக்கே கோகதெண்டே பகுதியிலும் இதே ஆறு, மந்தைகள் கடக்கும் இதே காட்சி. அங்கும் இப்போது கூட்டம் குறைவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இரண்டாம்சாவி எழுதியது:

பட்டியல் போட்டு வைத்திருப்பதாக மேலே குற்றம் சாட்டப்பட்டிருக்கும் கணவன் நான்தான். இந்த இழையை அவரே எனக்கு அனுப்பினார் என்பதால் தைரியமாக எழுதுகிறேன்.

பட்டியல் வைத்திருப்பது என்ன குற்றம்? அதில் கழுதைப்புலியும் இருக்கிறது, தேன்வளைக்கரடியும் இருக்கிறது. அவர் அவற்றைச் சொல்லவில்லை. இவ்வளவு தூரம் போய் ஒரு சிறுத்தையைக்கூடப் பார்க்காமல் திரும்பினால் எனக்கு உறுத்தும். அவருக்கு ஒரு குருவி போதும் என்பது உண்மைதான். ஆனால் அந்தக் குருவிக்காக வண்டியை நாற்பது நிமிடம் நிறுத்தும்போது எதிர்ப்புறப் புதரில் என்ன நடக்கிறது என்று யாருக்குத் தெரியும்?

நாணல் எழுதியது:

இரண்டாம்சாவி, எதிர்ப்புறப் புதரில் என்ன நடக்கிறது என்று அந்தக் குருவிக்குத்தான் தெரியும். வேடிக்கையாகச் சொல்லவில்லை.

நல்ல வழிகாட்டி எப்படிச் சிறுத்தையைக் கண்டுபிடிக்கிறார் என்று கவனியுங்கள். பெரும்பாலும் அவர் சிறுத்தையைத் தேடுவதே இல்லை. கினிக்கோழி விடாமல் கத்துகிறதா, இம்பாலா மான்கள் எல்லாம் ஒரே திசையில் தலையைத் திருப்பி மூக்கைச் சீறுகின்றனவா, ஒட்டகச்சிவிங்கி இலை தின்பதை நிறுத்திவிட்டு எங்கேயோ வெறித்துப் பார்க்கிறதா என்று பார்க்கிறார். வெர்வெட் குரங்குகள் இதில் இன்னும் கெட்டிக்காரர்கள். சிறுத்தைக்கு ஒரு குரல், கழுகுக்கு ஒரு குரல், பாம்புக்கு வேறொரு குரல். ராபர்ட் சேஃபார்த், டோரதி செனி, பீட்டர் மார்லர் மூவரும் அம்போசெலியில் இந்தக் குரல்களைப் பதிவுசெய்து, சிறுத்தை எதுவும் இல்லாதபோது ஒலிபெருக்கியில் போட்டுக் காட்டினார்கள். சிறுத்தைக் குரலைக் கேட்ட குரங்குகள் மரத்துக்கு ஓடின, கழுகுக் குரலுக்கு வானத்தைப் பார்த்தன, பாம்புக் குரலுக்கு எழுந்து நின்று புல்லைப் பார்த்தன. ஆய்வு 1980இல் வெளிவந்தது.

ஆகவே, வண்டியில் சின்னவற்றைப் பார்க்கும் ஒருவர் இருப்பது உங்கள் பட்டியலுக்கு லாபம். உங்கள் மனைவி ஒரு பறவை பதறுவதை முதலில் கேட்பார். நீங்கள் அப்போது கேமரா திரையில் பழைய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். ஒளிப்படக்காரர்கள் எல்லோரும் அப்படித்தான், என்னையும் சேர்த்து.

இனி இருவராகப் போகிறவர்களுக்கு மட்டும் சில சொற்கள். தனி வண்டி கிடைக்குமா என்று முதலில் கேளுங்கள். ஆறேழு பேர் பகிரும் வண்டியில் ஒருவருக்குச் சிங்கம் சலித்த நிமிடத்தில் வண்டி நகர்ந்துவிடும். நீங்கள் இருவரும் ஒத்துப்போனாலும் மற்ற ஐவரோடு ஒத்துப்போக வேண்டும். ஓர் இரவைக் குறைத்தாவது தனி வண்டிக்குப் போங்கள் என்பேன். அது முடியாது என்றால், பறவை பார்க்கும் குழுவோடு சேர்த்துவிடச் சொல்லுங்கள். அவர்கள் நிற்கும் இடத்தில் நெடுநேரம் நிற்பார்கள்.

பைனாகுலர் ஆளுக்கு ஒன்று. இதில் சமரசமே கூடாது. ஒன்றை இருவர் மாற்றி மாற்றிப் பிடித்தால், கைமாறும் நொடியில் விலங்கு புதருக்குள் போய்விடும், பிறகு இரவு உணவு வரை அந்தப் பேச்சுதான். எட்டு மடங்கு பெரிதாக்கும், 42 மில்லிமீட்டர் வில்லை கொண்டது போதும். பத்து மடங்கு வாங்கினால் குலுங்கும் வண்டியில் கை நடுக்கமும் பத்து மடங்கு தெரியும்.

தூசிப்பாதை எழுதியது:

இணைபிரியாத தம்பதிகளுக்குச் சிங்க ஜோடியைக் காட்டுவார்கள். கூடும் காலத்தில் அரை மணிக்கு ஒரு முறைக்குக் குறையாமல், இப்படியே சில நாள்கள். வண்டி நிறைய ஆட்கள் பார்க்கிறார்களே என்ற கவலையே கிடையாது.

வெண்கொக்கு எழுதியது:

அந்தச் சில நாள்கள் முடிந்ததும் ஆண்சிங்கம் யாரோ, பெண்சிங்கம் யாரோ. ஜோடி என்று பார்க்க வேண்டுமானால் டிக்டிக் மானைப் பாருங்கள். முயலைவிடச் சற்றே பெரியது. ஆணும் பெண்ணும் ஒரே எல்லைக்குள் வாழ்நாள் முழுதும் சேர்ந்தே இருக்கும். ஒன்றைக் கண்டால் அடுத்தது பத்தடிக்குள் இருக்கிறது என்று தேடலாம். யாரும் வண்டியை நிறுத்துவதில்லை, பாவம்.

உப்புச்சமவெளி எழுதியது:

யாரும் நமீபியாவைச் சொல்லவில்லையே. அங்கே எட்டோஷா தேசியப் பூங்காவில் வழிகாட்டியே வேண்டாம், நீங்களே ஓட்டலாம். நடுவே ஏறக்குறைய 4,800 சதுர கிலோமீட்டர் உப்புத்தளம், அதன் ஓரங்களில் நீர்நிலைகள். வறண்ட மாதங்களில் விலங்குகள் தண்ணீருக்கு வந்தே ஆக வேண்டும். ஆகவே தேடி அலைய வேண்டியதில்லை. எஞ்சினை அணைத்துவிட்டு ஒரு நீர்நிலை அருகே உட்கார்ந்தால் அவையாக வரும். ஓரிக்ஸ் மான் வரும், வரிக்குதிரை வரும், எல்லோரையும் ஒதுக்கிவிட்டு யானை வரும்.

முதுகு வலிப்பவருக்கு இதைவிட நல்லது எது? ஒகாகூயேயோ முகாமின் நீர்நிலைக்கு இரவிலும் விளக்கு போட்டிருக்கிறார்கள். வேலிக்கு இந்தப் பக்கம் பெஞ்சில் அமர்ந்து கருப்புக் காண்டாமிருகம் தண்ணீர் குடிப்பதைப் பார்க்கலாம். யாரும் உங்களைக் கிளம்பச் சொல்ல மாட்டார்கள். அவர் படம் எடுக்கட்டும், நீங்கள் எழுந்து அறைக்குப் போங்கள், மறுபடி வாருங்கள்.

கூகைமரம் எழுதியது:

உப்புச்சமவெளி சொல்வதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். நீர்நிலை ஓரம் உட்கார்ந்திருப்பது அருமையான சஃபாரி. ஆனால் நீங்களே ஓட்டினால் இருவரில் ஒருவர் எப்போதும் சாலையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். முகாம், வேலி போட்ட ஓய்விடம் தவிர வேறெங்கும் இறங்க முடியாது, ஆகவே கேள்வி கேட்டவருக்கு நடையும் இல்லை.

யானையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் யாரையும் தனியாக ஓட்ட அனுப்பக் கூடாது. கன்னத்தில் ஈரக்கோடு வழிய, பின்கால்களில் சிறுநீர் சொட்ட வரும் ஆண்யானை மதத்தில் இருக்கிறது. அது சாலையில் உங்களை நோக்கி வந்தால் ஒலிப்பான் அடிக்காதீர்கள், படத்துக்காக நிற்காதீர்கள், நிதானமாகப் பின்னால் எடுங்கள். பின்னால் எடுக்க இடம் இருக்கும்படி எப்போதும் நிறுத்துங்கள். குட்டியோடு இருக்கும் கூட்டத்தின் நடுவே புகுந்து தாயையும் பிள்ளையையும் பிரிப்பது போன்ற முட்டாள்தனம் வேறில்லை.

உப்புச்சமவெளி எழுதியது:

அதெல்லாம் சரிதான். ஆனாலும் யானைக்காக முக்கால் மணி நேரம் இருவர் மட்டும் ஒரு காரில் சத்தமில்லாமல் காத்திருப்பதை வழிகாட்டியோடு போகிறவர்கள் அறிய மாட்டார்கள்.

ஒற்றையடி எழுதியது:

கேள்வி கேட்டவர் தெளிவாகவே சொல்லியிருக்கிறார், நடக்க வேண்டும் என்று. அதற்குப் பதில் சொல்லாமல் வண்டியைப் பற்றியே எல்லோரும் பேசுகிறீர்கள். ஜாம்பியாவில் தெற்கு லுவாங்வா தேசியப் பூங்கா இருக்கிறது.

காட்டை நடந்து பார்க்கும் சஃபாரியை இன்று நாம் அறிந்த வடிவில் தொடங்கி வைத்தவர்களில் முதன்மையானவர் நார்மன் கார். அவர் அதை வளர்த்தெடுத்தது இந்தப் பள்ளத்தாக்கில்தான். விடியலில் சிறு குழுவாகக் கிளம்புவார்கள். முன்னால் துப்பாக்கி ஏந்திய காவலர், அடுத்து வழிகாட்டி, பின்னால் நீங்கள், ஒருவர் பின் ஒருவராக. பேச்சு கிடையாது. கை ஓங்கினால் நிற்க வேண்டும். ஓடுவது மட்டும் எந்த நிலையிலும் கூடாது. காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்பதை வழிகாட்டி நொடிக்கொரு தரம் பார்த்துக்கொண்டே இருப்பார்.

நடையில் நிறைய விலங்குகளை நெருங்கிப் பார்க்கலாம் என்று எண்ணிப் போகாதீர்கள். பெரும்பாலும் அவை நம்மை முதலில் கண்டு விலகிவிடும். வண்டியைச் சட்டை செய்யாத அதே சிங்கம், இரண்டு கால் உருவத்தைக் கண்டதும் எழுந்துவிடும். நடையில் கிடைப்பது வேறு. நேற்றிரவு நீர்யானை மேய்ந்துவிட்டுப் போன தடம், கழுதைப்புலியின் வெள்ளைச் சாணம் (எலும்புச் சுண்ணாம்பு), கரையான் புற்று மேல் யானை உடம்பைத் தேய்த்த வழவழப்பு, சாணி உருட்டும் வண்டு. ஒரு மணி நேரத்தில் அரைக் கிலோமீட்டர்கூட நகராமல் போகலாம்.

கணவருக்கு என்ன? லுவாங்வா சிறுத்தைக்குப் பெயர்போன இடம். இங்கே இரவுச் சவாரிக்கு அனுமதி உண்டு. விளக்கோடு மாலையில் கிளம்பினால் சிறுத்தை, மரநாய், முள்ளம்பன்றி என்று பகலில் தென்படாதவை வரும். காலையில் நடை, மதியம் நிழலில் தூக்கம், மாலையில் வண்டி. இருவருக்கும் பங்கு வந்துவிட்டது.

செப்டம்பரில் ஆற்றின் மண்சுவர்களில் செம்மார்புப் பஞ்சுருட்டான்கள் கூட்டம் கூட்டமாக வளை தோண்டிக் கூடு வைக்கும். கரையே சிவந்து தெரியும். மழைக்குமுன் அவர்களே, இது உங்களுக்காக.

தூசிப்பாதை எழுதியது:

தெற்கு லுவாங்வாவில் காண்டாமிருகம் கிடையாது. அதையும் சொல்லிவிடுங்கள்.

ஒற்றையடி எழுதியது:

கிடையாது. வேட்டைக்காரர்கள் கொன்று முடித்துவிட்டார்கள். சிவிங்கிப்புலியையும் (சீட்டா) எதிர்பார்க்க வேண்டாம், அதற்குத் திறந்த புல்வெளி வேண்டும். சிங்கம், சிறுத்தை, யானை, காண்டாமிருகம், காட்டெருமை என்னும் ‘பெரிய ஐந்து’ பட்டியலே நடந்து வேட்டையாடக் கடினமானவை எவை என்று துப்பாக்கிக்காரர்கள் போட்ட கணக்கு. கேமராவோடு போகிறவர் அந்தக் கணக்கை ஏன் சுமக்க வேண்டும்?

புதுநாற்று எழுதியது:

குறுக்கே ஒரு கேள்வி. நாங்களும் இருவர், ஆனால் நான் கருவுற்றிருக்கிறேன். மலேரியா பயத்தால் எல்லாவற்றையும் கைவிட வேண்டுமா?

நாணல் எழுதியது:

மேலே பேசிய இடங்கள் எல்லாமே மலேரியா உள்ளவைதான், ஆகவே இப்போதைக்கு அவை வேண்டாம். கர்ப்ப காலத்தில் மலேரியா தாய்க்கும் பிள்ளைக்கும் கடுமையாகத் தாக்கும், தடுப்பு மாத்திரைகள் சிலவற்றையும் அப்போது எடுக்கக் கூடாது. தென்னாப்பிரிக்காவில் மடிக்வே, பிலானெஸ்பெர்க் ஆகியவை மலேரியா இல்லாத காப்பகங்கள், யானையும் சிங்கமும் உண்டு. க்ரூகர் அந்தப் பட்டியலில் வராது, கவனம். குலுங்கும் வண்டி பற்றியும் சேர்த்து மருத்துவரிடம் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

மற்றவர்களுக்கு: மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் ஊசி போட்ட பத்தாம் நாளிலிருந்துதான் செல்லும். கடைசி வாரத்தில் ஓடாதீர்கள். எந்த நாட்டிலிருந்து எந்த நாட்டுக்குப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்து அது தேவைப்படும், திரும்பி வரும் வழிக்கும் சேர்த்துப் பாருங்கள்.

மழைக்குமுன் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவு இருவரும் உட்கார்ந்து இழை முழுவதையும் படித்தோம். தெற்கு லுவாங்வா என்று முடிவாகிவிட்டது. ஒரே பூங்கா, இரண்டு முகாம்கள். முதல் முகாமில் வண்டியும் இரவுச் சவாரியும், இரண்டாவது முழுக்க நடைக்கான சிறு முகாம். காண்டாமிருகம் பட்டியலிலிருந்து நீக்கப்படவில்லை, எட்டோஷாவுக்கென்று தனிப் பக்கத்தில் எழுதப்பட்டிருக்கிறது என்று அவர் சொல்லச் சொன்னார்.

பயண முகவரிடம் சொன்னபோது, ‘ஒரே பூங்காவில் இத்தனை நாளா, சலித்துவிடுமே’ என்றார். ஆடை விஷயத்தில் மட்டும் இன்னும் குழப்பம். என்ன நிறம்?

ஒற்றையடி எழுதியது:

காக்கி, சாம்பல், மங்கிய பச்சை. நடையில் வெள்ளை கூடாது, தொலைவிலிருந்தே தெரியும். கருநீலமும் கருப்பும் வேண்டாம், கடிக்கும் செட்சி ஈக்கு அந்த நிறங்கள்தான் பிடிக்கும். அதைப் பிடிக்க வைக்கும் பொறிகளையே நீலமும் கருப்புமான துணியில்தான் செய்கிறார்கள். ராணுவப் புள்ளி போட்ட துணியைத் தொடவே வேண்டாம், ஜாம்பியாவில் பொதுமக்கள் அதை அணிந்தால் காவல்துறையோடு சிக்கல் வரும்.

இரண்டாம்சாவி எழுதியது:

இரவுச் சவாரிக்கு என்ன லென்ஸ்? 100-400 ஒன்றுதான் வைத்திருக்கிறேன். ஃபிளாஷ் பயன்படுத்தலாமா?

நாணல் எழுதியது:

ஃபிளாஷ் வேண்டாம். இருட்டுக்குப் பழகிய கண்ணில் அடித்தால் அந்த விலங்கு சற்று நேரம் ஒன்றும் தெரியாமல் நிற்கும், வேட்டையாடும் சிறுத்தைக்கும் அது நல்லதல்ல, அதன் இரைக்கும் நல்லதல்ல. வண்டியின் தேடுவிளக்கு வெளிச்சமே போதும். 2.8 துளை கொண்ட 70-200 கிடைத்தால் வாடகைக்கு எடுங்கள், ஐஎஸ்ஓவை (கேமராவின் ஒளி உணர்திறனை) தாராளமாக ஏற்றுங்கள். படத்தில் மணல் போலப் புள்ளிகள் தெரிந்தாலும் பரவாயில்லை.

உள்நாட்டுச் சிறு விமானத்தில் போவதாக இருந்தால் ஆளுக்கு 15 முதல் 20 கிலோதான், கைப்பையும் அதில் சேர்த்தி, சக்கரம் வைத்த கெட்டிப் பெட்டியை ஏற்ற மாட்டார்கள். இரண்டு லென்ஸும் எடுத்தால் துணிக்கு இடம் இருக்காது.

இரண்டாம்சாவி எழுதியது:

என் மனைவியின் பையில் இடம் இருக்கும்.

மழைக்குமுன் எழுதியது:

இருக்காது.

ஒற்றையடி எழுதியது:

சண்டை வேண்டாம். முகாம்களில் அன்றாடம் துணி துவைத்துக் கொடுப்பார்கள், அந்த வெயிலில் ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடும். ஆளுக்கு மூன்று உடுப்பும் நடக்கப் பழகிய பழைய காலணியும் போதும். புதுக் காலணி வாங்கி நேராக அங்கே போட்டுக்கொண்டு நிற்காதீர்கள்.